கேசோ திரிந்த கதை

நான் முதன்முதலில் செய்த கேசோவைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: “இதை எங்கே கொட்டுவது? சிங்க்கில் கொட்டினால் அடைத்துக்கொள்ளுமே.”

நியாயமான கேள்விதான். பாத்திரத்தின் மேலே மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. அடியில் தேய்ந்த ரப்பர் செருப்பைத் துண்டு போட்டதுபோல ஒரு கட்டி. இரண்டுக்கும் நடுவே வெளிறிய தண்ணீர். ஹாலில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் மூன்று பெரிய பை டார்ட்டியா சிப்ஸ், அதாவது சோள சிப்ஸ், பிரித்துக் கொட்டியாயிற்று. தொட்டுக்கத்தான் ஒன்றும் இல்லை.

நாங்கள் இருப்பது டெக்சஸில், டல்லஸை ஒட்டிய இர்விங்கில். அன்று பிப்ரவரி ஞாயிறு, சூப்பர் பவுல் நாள், அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம். 1967 ஜனவரி 15இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் ஆட்டம் நடந்தது முதல் இந்த நாட்டில் இது கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. எங்கள் ஊர் அணியான டல்லஸ் கவ்பாய்ஸ் கடைசியாக இந்தக் கோப்பையை வென்றது 1996 ஜனவரியில். அதற்குப் பிறகு இறுதி ஆட்டத்துப் பக்கமே போகவில்லை. அதனால் டல்லஸ்காரர்கள் சூப்பர் பவுலுக்குக் கூடுவது பெரும்பாலும் சாப்பிடத்தான். எங்கள் கூட்டத்தில் ஆட்டத்தின் விதிகள் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்குள்ளும் ஒத்துப்போகாது.

கேசோ பற்றித் தெரியாதவர்களுக்கு: ஸ்பானிஷில் கேசோ என்றால் சீஸ், அவ்வளவுதான். ஆனால் டெக்சஸில் ஒருவர் கேசோ என்றால் சீஸ்கட்டியைச் சொல்லவில்லை. உருக்கிய மஞ்சள் சீஸில் பச்சைமிளகாயும் தக்காளியும் கிடக்க, சிப்ஸைத் தோய்த்துத் தின்னும் அந்தக் குழம்பைச் சொல்கிறார். முழுப்பெயர் சிலே கோன் கேசோ, மிளகாயும் சீஸும். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்திலும் அதே பெயரில் ஒரு பண்டம் உண்டு. அது வெள்ளைச் சீஸில் சுட்ட மிளகாயைக் கீற்றுக் கீற்றாகப் போட்டு, நூல் நூலாக இழுபடும் வேறு ஜாதி. டெக்சஸ் கேசோ இழுபடக் கூடாது. கரண்டியிலிருந்து தோசைமாவு மாதிரி விழ வேண்டும்.

அப்படி விழ வேண்டியதை நான் ரப்பராக்கியிருந்தேன். இத்தனைக்கும் சிக்கனம் பார்க்கவில்லை. இரண்டு வருடம் பதப்படுத்திய செடார் சீஸ், கடையிலேயே விலை கூடியது. நல்ல நெய் போட்டால் நல்ல பொங்கல் வருவதுபோல நல்ல சீஸ் போட்டால் நல்ல கேசோ வரும் என்று நினைத்துவிட்டேன். துருவி, பாலை ஊற்றி, ஆட்கள் வந்துவிட்டார்களே என்ற அவசரத்தில் அடுப்பைக் கூட்டி வைத்தேன். ஒரு கொதி வந்தது. முடிந்தது கதை.

என்னோடு வேலை பார்க்கும் சான் அன்டோனியோக்காரர் ஒருவரும் வந்திருந்தார். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. எதுவும் சொல்லாமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் இருபது நிமிடத்தில் திரும்பினார். கையில் செங்கல் மாதிரி ஒரு வெல்வீட்டா, இரண்டு டப்பா ரோட்டெல். சின்னக் கத்தி ஒன்று கேட்டார். வெல்வீட்டாவைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போட்டு, டப்பாத் தக்காளியைத் தண்ணீரோடு கவிழ்த்து, அடுப்பைச் சின்னதாக வைத்து, கரண்டியால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். பத்தே நிமிடம். பட்டு மாதிரி வந்தது.

ரோட்டெல் டெக்சஸின் சொந்தச் சரக்கு. தக்காளியையும் பச்சைமிளகாயையும் நறுக்கி டப்பாவில் அடைக்கும் இந்த யோசனை, தெற்கு டெக்சஸில் ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் எல்சா என்ற சின்ன ஊரில் 1940களில் கார்ல் ரோட்டெல் என்பவரால் தொடங்கியது. வெல்வீட்டா நியூயார்க் மாநிலத்துச் சரக்கு. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எமில் ஃப்ரே என்ற சீஸ் கைவினைஞர் 1918இல் மன்ரோ என்ற ஊரில் கண்டுபிடித்தது. உடைந்துபோன சீஸ் துண்டுகளை வீணாக்காமல் மறுபடி உருக்கிச் சேர்க்க வழி தேடியதில் பிறந்தது. வெல்வெட் துணி மாதிரி வழவழப்பாக இருந்ததால் அந்தப் பெயர். 1927இல் கிராஃப்ட் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இதை நான் அதுவரை வீட்டுக்குள் சேர்த்ததில்லை. காரணம் கௌரவம்தான். குளிர்சாதனப் பெட்டியில்கூட வைக்காமல் கடையில் சும்மா அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். அட்டையில் ‘சீஸ்’ என்று தனியாகப் போட முடியாது, ‘சீஸ் தயாரிப்பு’ என்றுதான் போட வேண்டும். இதை யார் தின்பார்கள் என்று நினைத்திருந்தேன். அன்று இரவு கடைசி வழியலைச் சிப்ஸ் தூளால் வழித்துத் தின்றது நான்தான்.

அடுத்த சில நாட்கள் என் செடார் ஏன் காலை வாரிவிட்டது என்று தேடிப் படித்தேன். விஷயம் எளியது. சீஸ் ஒரு வலை. கேசின் என்ற பால்புரதம் கால்சியத்தால் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த வலைக்குள் கொழுப்பும் தண்ணீரும் மாட்டியிருக்கின்றன. சூடு ஏறினால் முதலில் கொழுப்பு இளகும், பிறகு வலை தளரும். அங்கே நிறுத்தினால் பீட்சாமேல் இழுபடுகிற சீஸ். நிறுத்தாமல் கொதிக்கவிட்டால் புரதம் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு சுருங்கிவிடும். ஈரத்துணியைப் பிழிவதுபோல உள்ளே இருந்த எண்ணெயையும் தண்ணீரையும் வெளியே தள்ளிவிடும். வருடக்கணக்கில் பதப்படுத்திய சீஸில் ஈரம் குறைவு, புரதமும் சிதைந்திருக்கும். அதனால் அது இன்னும் சீக்கிரம் பிரியும். நான் காசு அதிகம் கொடுத்தது சரியாக இந்தக் குறைக்குத்தான்.

வெல்வீட்டா பிரியாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள உப்புகள். இந்தத் தந்திரத்தின் ஆரம்பம் 1911இல், சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தில். வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்துச் சீஸை உருக்கினார்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுத்துவிடும். முடிச்சு அவிழ்ந்த கேசின் ஒரு கையால் கொழுப்பையும் மறுகையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கும். கொதித்தாலும் கை விடாது. சுவிஸ்காரர்கள் ரொட்டி தோய்த்துத் தின்ன சீஸை உருக்கும் ஃபான்டூவில் வெள்ளை வைன் ஊற்றுவதும் ருசிக்காக மட்டும் இல்லை. வைனிலுள்ள புளிப்பு இதே வேலையைக் கொஞ்சம் செய்கிறது.

சோடியம் சிட்ரேட்டின் வேதிக் குறியீட்டில் எண்களை எடுத்துவிட்டு எழுத்துகளை மட்டும் படித்தால் என்ஏ, சி, எச், ஓ. நாச்சோ! 1940களில் மெக்சிகோ எல்லையிலுள்ள பியத்ராஸ் நெக்ராஸ் ஊரில், சிப்ஸ்மேல் சீஸ் உருக்கி முதன்முதலில் பரிமாறிய இக்னாசியோ அனயாவின் செல்லப்பெயரும் நாச்சோதான். தற்செயல்தான், ஆனாலும் வேதியியல் வாத்தியார் யாராவது எனக்குப் பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் பாடம் மண்டையில் ஏறியிருக்கும். இன்னொரு துணுக்கு: வயிற்றுப் பொருமலுக்குக் குடிக்கிற ஈனோ, சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தது. நுரைத்து அடங்கிய பிறகு தம்ளரில் மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் சிட்ரேட்தான். அதற்காகச் சீஸில் ஈனோவைக் கொட்டிவிடாதீர்கள். பொங்கி அடுப்பெல்லாம் வழியும்.

இதெல்லாம் படித்து மேதையாகிவிட்ட நிலையில்தான் அடுத்த குளிர்காலத்தில் அம்மா வந்தார். திருநெல்வேலியிலிருந்து, ஆறு மாதத்துக்கு.

அம்மாவுக்குச் சீஸ் என்றால் அமுல் நீல டப்பா. பாலாடைக்கட்டி என்ற சொல்லை நான் பாடப்புத்தகத்துக்கு வெளியே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பால் திரிந்தால் அது நஷ்டம், அபசகுனம். யார் எச்சில் கரண்டியைப் போட்டது என்று விசாரணை நடக்கும். திரிந்த பாலைப் பிழிந்து, உப்புப் போட்டு, வருடக்கணக்கில் வைத்துத் தின்கிற ஊர்கள் உண்டு என்பது அம்மாவுக்கு உள்ளூர ஒப்பவில்லை.

சூப்பர் பவுலுக்கு முந்தின ஞாயிறு நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்வீட்டாவை விட்டு நிஜச் சீஸிலேயே கேசோ செய்து பழிதீர்ப்பது என்று திட்டம். அம்மா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“ஏல, என்னல இப்படித் தீயைக் கூட்டி வச்சுக் கிண்டுத? திரிஞ்சிரும்லா.”

“அம்மா, உங்களுக்கு இது என்னன்னு தெரியுமா?”

“என்னவா இருந்தா என்ன? பாலுதான? சொதிக்கு முதல் பால் ஊத்துனப்புறம் கொதிக்க விடுவியா?”

நெல்லைக்காரர்களுக்குச் சொதியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் சொதி இல்லாவிட்டால் சம்பந்தி முறைத்துக்கொள்வார். தேங்காயை மூன்று தடவை பிழிவார்கள். தண்ணீராக வரும் மூன்றாம் பாலில் காய் வேகும். பிறகு இரண்டாம் பால், வெந்த பாசிப்பருப்பு, இஞ்சி பச்சைமிளகாய் அரைத்தது. எல்லாம் அடங்கிய பிறகு தீயைத் தணித்து, கெட்டியான முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் லேசாக நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கின பிறகு. முதல் பால் கொதித்தால் எண்ணெய் தனியே, சக்கை தனியே பிரிந்து நிற்கும். நான் முதல் வருடம் பார்த்த அதே காட்சி. தொட்டுக்க இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். சிப்ஸைச் சொதியில் தோய்த்துத் தின்றுதான் நான் வளர்ந்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

தேங்காய்ப்பாலில் கேசின் கிடையாது, அங்கே நடப்பது வேறு சங்கதி என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “சரி, மோர்க்குழம்பு?” என்றார்.

அங்கே வாயடைத்துப் போனேன். மோர்க்குழம்பில் இருப்பது அசல் கேசின்தான். வெறும் மோரைச் சுடவைத்தால் திரிதிரியாகிவிடும். அதற்காகத்தானே துவரம்பருப்பும் பச்சரிசியும் ஊறவைத்துத் தேங்காயோடு அரைத்து ஊற்றுகிறோம்? அந்த மாவுச்சத்து புரதத்துக்கு நடுவே புகுந்து ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. பொங்கிவரும்போது இறக்கு, கொதிக்கவிடாதே என்பது கூடவே வரும் உத்தரவு. வெல்வீட்டாவும் சோடியம் சிட்ரேட்டும் இல்லாமல் கேசோ செய்ய அமெரிக்கச் சமையல்காரர்கள் பலர் சொல்லும் வழி, சீஸைச் சோளமாவில் புரட்டிப் போடுவதுதான். நான் ஒரு வருடம் இணையத்தில் தேடியது வாராவாரம் எங்கள் வீட்டு அடுப்பில் கொதிக்காமல் நுரைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது நான் செய்கிற முறை இது. ஒரு டப்பா எவாப்பரேட்டட் மில்க், 354 மில்லி. பாலிலிருந்து தண்ணீரில் பாதிக்கு மேல் வற்றவைத்தது, சர்க்கரை சேர்க்காதது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: கடைக்குப் போகிறவரிடம் டப்பாவின் படத்தையே அனுப்பிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை கண்டென்ஸ்டு மில்க் வந்து சேர்ந்து அன்று கேசோவுக்குப் பதில் பால்கோவா கிளறினோம். சீஸ் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, 225 கிராம். இளம் செடார் பாதி, மான்டெரே ஜாக் பாதி. கட்டியாக வாங்கி வீட்டில் துருவ வேண்டும். பையில் துருவியே விற்பது ஒட்டாமல் இருக்க மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், நாக்கில் நறநறக்கும். துருவியதில் ஒரு டேபிள்ஸ்பூன் சோளமாவைப் போட்டு, புட்டுமாவு பிசிறுவதுபோல விரல்நுனியால் பிசிற வேண்டும்.

மிளகாய்க்கு போப்லானோ. நம் குடமிளகாயைக் கொஞ்சம் இழுத்து நீட்டி, கரும்பச்சையாக்கினால் அதுதான். கேஸ் அடுப்பில் நேராகத் தீயில் காட்டிக் கத்தரிக்காய் சுடுவதுபோலத் தோல் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிவிட வேண்டும். பத்து நிமிடத்தில் அதன் ஆவியிலேயே தோல் கழன்று நிற்கும். தண்ணீரில் கழுவாதீர்கள், சுட்ட வாசனையெல்லாம் போய்விடும். கையாலேயே உரித்துப் பொடியாக நறுக்க வேண்டும். வெண்ணெயில் வெங்காயம், பூண்டு, ஒரு ஹாலபீன்யோ மிளகாய், தக்காளி வதக்கித் தண்ணீர் சுண்டியதும் பாலை ஊற்றி, பால் சூடேறி ஓரத்தில் முத்து முத்தாக நுரை கூடும்போது தீயை அடியோடு குறைத்துவிட்டுச் சீஸைப் பிடி பிடியாகத் தூவிக் கிண்ட வேண்டும். ஒரு பிடி கரைந்த பிறகு அடுத்த பிடி. முதலில் தண்ணீராகத்தான் இருக்கும், பயந்துவிடக் கூடாது. மாவு வெந்ததும் திடீரென்று கரண்டி கனக்கும். அப்போது போப்லானோவைப் போட்டு இறக்கிவிடலாம். ஆறினால் இறுகும், கொஞ்சம் பால் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

ஊரில் இருப்பவர்கள் இதற்காக எவாப்பரேட்டட் மில்க்கைத் தேடி அலைய வேண்டாம். அமுல் ப்ராசஸ்டு சீஸ் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சோடியம் சிட்ரேட் என்று அச்சிட்டிருக்கும். அதுவே வெல்வீட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. 200 கிராம் கட்டியைச் சின்னதாக வெட்டி, அரை கப் பாலில் சிறுதீயில் கரைத்து, வதக்கிய தக்காளி பச்சைமிளகாயைச் சேர்த்தால் கேசோ. உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், அதிலேயே போதுமான அளவு இருக்கிறது.

சமையல் சரி. இனிமேல்தான் சிக்கல். நாங்கள் சுத்த சைவம். அம்மா அதில் கறார். சீஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று அம்மா கேட்டபோது, என் பத்து வயது மகள் பள்ளியில் படித்ததை ஒப்பித்துவிட்டாள். கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட்டை ஊற்றித்தான் பாலைத் திரிய வைப்பார்களாம். அம்மா கையிலிருந்த சிப்ஸைத் தட்டில் வைத்துவிட்டார்.

முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க இன்றைய நிலவரமும் இல்லை. பால் குடிக்கும் கன்றின் நான்காம் இரைப்பையிலுள்ள கைமோசின் என்ற நொதிதான் பழைய முறை. அதே கைமோசினை நுண்ணுயிரிகளை வைத்துத் தயாரிக்க அமெரிக்க அரசு 1990இல் அனுமதித்தது. மரபணு மாற்றம் வழியாக வந்து அனுமதி பெற்ற முதல் உணவுச் சேர்மானம் அதுதான். இன்று இந்த நாட்டுச் சீஸில் பெரும்பகுதி அந்த வழியில்தான் உறைகிறது. தொல்லை என்னவென்றால் அட்டையில் வெறுமனே ‘என்சைம்ஸ்’ என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இந்தியாவில் பச்சைப் புள்ளி ஒன்று போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இங்கே அம்மாவும் நானும் கடையில் சீஸ் அலமாரி முன்னால் முக்கால் மணிநேரம் நின்றோம். நான் படிக்க, அம்மா ‘அடுத்தது’ என்று சொல்ல, அட்டையில் ‘வெஜிடேரியன்’ அல்லது ‘மைக்ரோபியல்’ என்று அச்சடித்திருந்தவை மட்டும் கூடைக்குள் வந்தன. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் கன்று ரென்னெட்தான் போட வேண்டும் என்பது அங்கே சட்டமாகவே இருக்கிறது. அது தொட்டதெல்லாம் எங்கள் வீட்டில் விலக்கு.

கேசோ மாதிரி சிப்ஸைத் தோய்த்துத் தின்பதற்கெல்லாம் இங்கே பொதுப்பெயர் டிப். அந்த விலக்கில் அடிபட்டது கீரை, கூனைப்பூ (ஆர்ட்டிச்சோக்) போட்ட டிப். எனக்கு வருத்தமில்லை. கூனைப்பூவுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாழைப்பூவை ஆய்வதைவிட இரண்டு மடங்கு வேலை, ருசி பாதி. பஃபலோ சிக்கன் டிப் எங்கள் கூட்டத்தில் அசைவக்காரர்கள் கொண்டுவருவது. நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் ஆங்கர் பார் என்ற உணவகத்தில் 1964இல் பிறந்த காரக் கோழி இறக்கையை, எலும்பை எடுத்துவிட்டுக் கிரீம் சீஸில் குழைத்த வடிவம். வாசனை மட்டும் பிடித்திருக்கிறேன், ஆளை இழுக்கும். சவர் கிரீமில் பாக்கெட் வெங்காய சூப் பொடியைக் கலக்கும் வெங்காய டிப் 1950களில் லாஸ் ஏஞ்சல்ஸில் கிளம்பி நாடு முழுக்கப் பரவியது. அடுப்பே வேண்டாத அந்த டிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

ஆஸ்டினில் மேட்ஸ் எல் ராஞ்சோ என்ற பழைய உணவகத்தில் ஒரு டிப்புக்கு டெக்சஸ் நில ஆணையராக இருந்த பாப் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயர். மெனுவில் இல்லாத ஏதாவது கொடு என்று அவர் கேட்க, கேசோவுக்குள் மசாலாக் கறியையும் அவகாடோ மசியலையும் போட்டுக் கொடுத்தார்களாம். கறி இல்லாமல் நான் வீட்டில் செய்து பார்த்தேன். அந்த அவகாடோ சூட்டில் இளகிச் சீஸோடு சேரும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம்.

அப்புறம், எச்சில்.

தமிழ் வீட்டில் டிப் நுழைவதற்குத் தடையாக நிற்பது ருசி இல்லை, இதுதான். பன்னிரண்டு பேர் ஒரே பாத்திரத்தில் சிப்ஸைத் தோய்ப்பார்கள். கடித்த சிப்ஸை மறுபடி தோய்க்கக் கூடாது என்பது இவர்களுக்கும் உள்ள நாகரிகம்தான், ஆனால் ஆட்டம் சூடுபிடித்தால் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பால் டாசன் என்ற பேராசிரியர் மாணவர்களை வைத்து இதை அளந்தே பார்த்துவிட்டார். கடித்ததைத் தோய்த்தால் வாயிலுள்ள பாக்டீரியா டிப்புக்குள் இறங்குவது உண்மைதான். தண்ணீராக இருக்கும் தக்காளிச் சல்சாவில் அதிகம், கெட்டியான சீஸ் டிப்பில் குறைவு. காரணம், சல்சா சிப்ஸிலிருந்து திரும்பப் பாத்திரத்துக்குள் சொட்டுகிறது, சீஸ் ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். “இதைக் கண்டுபிடிக்க ஒரு பேராசிரியர் வேணுமால?” என்று கேட்டுவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டார்.

சூப்பர் பவுல் அன்று கேசோவை ஸ்லோ குக்கரில் மாற்றி, ‘வார்ம்’ நிலையில் ஹாலுக்குக் கொண்டுபோனேன். பால் பண்டம் வெளியே இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆறிக் கிடக்கக் கூடாது. 60 டிகிரிக்கு மேலேயே சூடாக இருந்தால் பயமில்லை. (இந்தச் சட்டியைக் கண்டுபிடித்த இர்விங் நாக்ஸனுக்கு யோசனை கொடுத்தது, லித்துவேனியாவில் அவருடைய பாட்டி வெள்ளி மாலை அடுமனையின் தணலில் வைத்து மறுநாள் எடுத்த யூதக் கூட்டு. காப்புரிமை 1940. எல்லாக் கதையிலும் ஒரு பாட்டி இருந்துவிடுகிறார்.)

ஆட்டம் தொடங்க அரைமணி இருக்கும்போது சமையலறையில் அம்மா மோர்மிளகாய் வறுத்தார். புகையெச்சரிப்பு மணி அலறியது. நான் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிற, மனைவி பின்கதவைத் திறந்துவிட, பிப்ரவரிக் குளிர் உள்ளே வர, விருந்தாளிகள் மூன்று பேர் இருமிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்கள். அம்மா எதையும் கண்டுகொள்ளவில்லை. கறுத்து மொறுமொறுப்பான மோர்மிளகாயை உள்ளங்கையில் வைத்து நொறுக்கிக் கேசோமேல் தூவினார். மோர்ப் புளிப்பும், உப்பும், கருகல் வாசனையும். ஒரு வருடமாக அந்தப் பாத்திரத்தில் ஏதோ குறைந்ததுபோலவே இருந்தது, அது இதுதான்.

பிறகு அம்மா செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு ஸ்லோ குக்கர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சிப்ஸோடு நெருங்கியவர்களுக்கு ஆளுக்கொரு காகிதக் கிண்ணம், அதில் ஒரு கரண்டி. பந்தியில் பரிமாறுவது போலவே. டிப்பின் சௌகரியமே பரிமாற வேண்டாம் என்பதுதான். பொங்கலுக்கு அலுமினிய ட்ரேக்களோடு கூடும்போதெல்லாம் வீட்டுக்காரர்கள் கடைசிவரை நின்றுகொண்டே இருப்பார்கள். டிப் வைத்தால் நாமும் உட்காரலாம் என்று நான்தான் எல்லாரிடமும் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தேன். “அம்மா, உட்காருங்க, அவங்களே எடுத்துக்குவாங்க” என்றேன். காதில் வாங்கவில்லை.

சான் அன்டோனியோக்காரர் நான்காவது தடவையாகக் கிண்ணத்தோடு வந்தார். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?” என்றார் அம்மா. அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓர் அங்குலம் விரித்துக் காட்டினார். அம்மா விளிம்புவரை ஊற்றினார். மோர்மிளகாயைச் சுட்டி இதற்குப் பெயர் என்ன என்று அவர் என்னைக் கேட்டார். சொன்னேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் தர முடியுமா என்றார். யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு மறுநாள் அலுவலகம் போகும்வரை தெரியாது.

எல்லாரும் போன பிறகு சட்டியின் ஓரமெல்லாம் ஏடு கட்டியிருந்தது. அம்மா அதை ஒரு டப்பாவில் வழித்து உள்ளே வைத்தார். காலையில் நான் எழுந்து வந்தபோது தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. “இதுக்குச் சிப்ஸவிட தோசை நல்லா சேரும், பாரு” என்றபடி டப்பாவை என்னிடம் நீட்டினார். இறுகிக் கட்டியாக இருந்தது. சின்ன வாணலியில் கொட்டிக் கொஞ்சம் பால் விட்டேன். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, அடுப்பைக் கொஞ்சம் கூட்டினேன்.

“ஏல,” என்றார் அம்மா, கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குறைத்துவிட்டேன்.